கருத்தடை பாவமா? கேட்டவர்களும் கேட்கப்பட்டவர்களும்

தொடங்கியவர்

கருத்தடையைப் பற்றி எந்த மதம் என்ன சொல்கிறது என்று பட்டியலிடும் எழுத்துகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அந்தப் பட்டியல்கள் எந்த வீட்டிலும் எதையும் தீர்த்து வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மதத்தையோ அறத்தையோ காரணம் காட்டி ஒரு கருத்தடை முறையை ஏற்கவோ மறுக்கவோ நேர்ந்திருந்தால், யார் என்ன கேட்டார்கள், என்ன விடை கிடைத்தது, பிறகு என்ன முடிவெடுத்தீர்கள் என்பதை எழுதுங்கள். யாருடைய பெயரும் வேண்டாம்.

குடும்ப நல ஆலோசகர், முன்னாள் செவிலியர்

ஆலோசனை அறைக்கு வரும் பெண்களில் பலர் ‘வலிக்குமா’ என்று கேட்பதற்கு முன்பே ‘இது பாவமா’ என்று கேட்டுவிடுவார்கள். வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு. பெரும்பாலானவர்கள் வேறொரு கேள்விக்குள் அதை மறைத்துக் கேட்பார்கள். என் பணிக்காலத்தில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் சந்திப்பு ஒன்றை எழுதுகிறேன்.

மூன்றாவது பிரசவத்துக்குப் பின் பரிசோதனைக்கு வந்திருந்த ஓர் இஸ்லாமியப் பெண், மேசையின் மீது மாதிரிக்காக வைத்திருந்த காப்பர் டியைக் கையில் எடுத்து, அதன் நூலை விரலில் சுற்றிப் பார்த்தபடியே, “உள்ளே உண்டான கருவை இது கொன்றுவிடுமா, சிஸ்டர்?” என்று கேட்டார். தாமிரம் விந்தணுக்களின் இயக்கத்தைக் கெடுத்துவிடுவதால் கருவுறுதலே பெரும்பாலும் நடைபெறாமல் போகிறது என்று விளக்கினேன். “கழற்றிவிட்டால் மறுபடியும் பிள்ளை உண்டாகுமா?” என்பது அடுத்த கேள்வி. உண்டாகும் என்றேன். அருகில் அமர்ந்திருந்த மாமியார் அதுவரை பேசவில்லை. “வறுமைக்குப் பயந்து உங்கள் பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்று குர்ஆனில் இருக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?” என்று அப்போதுதான் கேட்டார்.

பதினேழாம் அத்தியாயத்தின் 31ஆம் வசனம் அது. பிறந்த பிள்ளைகளைக் கொல்வதைத்தான் அது தடுக்கிறது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதைச் சொல்லும் தகுதி எனக்கு இருப்பதாக அந்த அம்மா ஏற்கமாட்டார் என்பதும் தெரிந்திருந்தது. ஆகவே, அவர்கள் நம்பும் மார்க்க அறிஞர் (ஆலிம்) ஒருவரிடம் கேட்டுவிட்டு வரச் சொன்னேன். அவர்கள் வெளியே போகவில்லை. அங்கேயே தொலைபேசியில் அழைத்து, நானும் கேட்கும்படி வைத்தார்கள்.

அவர்கள் ஹஜ்ரத் என்று அழைத்த அந்த ஆலிம் வசனம் எதையும் ஓதவில்லை, கேள்விகளையே கேட்டார். இது நிரந்தரமா, தற்காலிகமா? உடலுக்குக் கேடு உண்டா? கணவர் சம்மதித்தாரா? மூன்றுக்கும் மாமியாரே விடை சொன்னார். பிறகு அவர், “மருமகளிடம் கேட்டீர்களா?” என்றார். அந்தக் கேள்வியை மாமியார் எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

பிற்பாடு இதைப் பற்றிப் படித்தபோதுதான் அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பது புரிந்தது. விந்து உள்ளே செல்லாமல் விலகிக்கொள்ளும் ‘அஸ்ல்’ முறையை, குர்ஆன் அருளப்பட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே தாங்கள் கையாண்டு வந்ததாக நபித்தோழர் ஜாபிர் சொன்ன செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நபிமொழித் தொகுப்புகளிலும் உள்ளது. அதை மறைமுகச் சிசுக்கொலை என்று குறிப்பிடும் வேறொரு செய்தியும் முஸ்லிம் தொகுப்பில் உண்டு. இரண்டையும் இணைத்து எப்படிப் பொருள் கொள்வது என்று அறிஞர்கள் நூற்றாண்டுகளாக வாதிட்டு வந்திருக்கிறார்கள். அஸ்லை அனுமதித்த சட்ட அறிஞர்களில் பெரும்பாலோர் அதற்கு மனைவியின் சம்மதத்தை நிபந்தனையாக்கினார்கள். பிள்ளை பெறுவதும் தாம்பத்திய இன்பமும் அவளுடைய உரிமைகள் என்பது அவர்களுடைய காரணம். 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, மனைவியின் அழகையும் நலத்தையும் காப்பதற்காகவும், பிள்ளைகள் பெருகுவதால் வரும் சிரமங்களைத் தவிர்ப்பதற்காகவும் அஸ்ல் செய்வதை அனுமதித்துவிட்டு, பெண் பிள்ளை பிறந்துவிடுமோ என்ற அச்சத்தால் செய்வதைத் தீய நோக்கம் என்று விலக்கினார். என் மேசைக்கு வந்த கேள்விகளெல்லாம் முன்பே கேட்கப்பட்டவை. விடைகளும் நாம் நினைப்பதைவிட நுட்பமாகவே சொல்லப்பட்டிருக்கின்றன.

அந்தப் பெண் காப்பர் டி வைத்துக்கொண்டார். அதே குடும்பம் நிரந்தர அறுவை சிகிச்சையைக் கேட்டிருந்தால் அந்த ஹஜ்ரத் பெரும்பாலும் மறுத்திருப்பார். உயிருக்கு ஆபத்து போன்ற மருத்துவக் காரணம் இல்லாத நிரந்தரக் கருத்தடையை ஏற்காத அறிஞர்களே மிகுதி.

கத்தோலிக்கக் கணவர்

முந்தைய பதிவில் மாமியாருக்கு நேர்ந்தது எனக்கு வேறு விதத்தில் நேர்ந்தது. திருமணத் தயாரிப்பு வகுப்பில் எங்களுக்கு இயற்கை முறையைக் கற்பித்தார்கள். காலையில் கண் விழித்தவுடன், படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே, மனைவி உடல் வெப்பத்தை அளக்க வேண்டும். கருமுட்டை வெளிப்பட்ட பின் வெப்பம் ஏறத்தாழ 0.2 டிகிரி செல்சியஸ் அளவுக்கு உயர்ந்து அப்படியே நிற்கும். அந்த உயர்வு மூன்று நாட்கள் நிலைத்த பிறகு கூடலாம். விந்தணு ஐந்து நாட்கள் வரை உயிரோடு இருக்கக்கூடும் என்பதால் அதற்கு முந்தைய நாட்களையும் விலக்க வேண்டும். வகுப்பில் வரைபடம் அழகாகத்தான் இருந்தது. வீட்டில் கைக்குழந்தை இரவில் மூன்று முறை எழுந்து அழும்போது, காலையில் தெர்மாமீட்டர் காட்டும் எண்ணுக்கு எந்தப் பொருளும் கிடையாது. சிசேரியனுக்குப் பின் அடுத்த கருவுக்குக் குறைந்தது ஒன்றரை ஆண்டாவது இடைவெளி வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்தியிருந்தார். என் மனைவியின் மாதவிலக்கோ ஒழுங்காக வரவில்லை.

பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனத்தின்போது இதைச் சொன்னேன். எங்கள் பங்குத்தந்தை கடுமையாக எதுவும் சொல்லவில்லை. திருச்சபையின் போதனையை விளக்கினார். அந்த விளக்கத்தை நேர்மையாகவே இங்கே தருகிறேன். தாம்பத்திய உறவில் இருவரையும் ஒன்றாக்கும் பொருளும் புதிய உயிருக்கு இடம் தரும் பொருளும் பிரிக்க முடியாதபடி இணைந்திருக்கின்றன; அவற்றுள் ஒன்றை மனிதன் வேண்டுமென்றே வெட்டி எடுக்கக் கூடாது; வளமற்ற நாட்களில் கூடுவதில் அந்த வெட்டு இல்லை, மாத்திரையிலும் ஆணுறையிலும் இருக்கிறது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1968 ஜூலை 25 தேதியிட்ட ‘ஹூமானே வீத்தே’ சுற்றுமடலில் சொன்னது இதுதான்.

வாதத்தின் கட்டுக்கோப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் சுற்றுமடலுக்கு முன், அவருக்கு முந்தைய திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் 1963இல் தொடங்கி ஆறாம் பவுல் விரிவாக்கிய ஆய்வுக்குழு, 1966இல் பெரும்பான்மைக் கருத்தாகத் தளர்வைப் பரிந்துரைத்தது என்பதையும், ஆறாம் பவுல் அதை ஏற்காமல் முடிவெடுத்தார் என்பதையும் வகுப்பில் யாரும் சொல்லவில்லை. மாத்திரையை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ராக் நாள்தோறும் திருப்பலிக்குச் சென்ற கத்தோலிக்க மருத்துவர். உடலில் இயல்பாகவே உள்ள ஹார்மோனின் வேலையை நீட்டிக்கும் மாத்திரையும் இயற்கை முறைதான் என்று அவர் வாதிட்டார், திருச்சபை அதை ஏற்கவில்லை. இவற்றையும் சொல்லியிருந்தால் போதனையின் எடை குறைந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு முடிவு எவ்வளவு திணறலோடு எடுக்கப்பட்டது என்று தெரிந்தால், அதன்படி நடக்கத் திணறுபவனுக்குத் தனியாக விடப்பட்ட உணர்வாவது இருக்காது.

சில ஆண்டுகள் கழித்து, கருப்பையின் உட்சவ்வு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய்க்காக என் மனைவிக்கு அதே கருத்தடை மாத்திரையை மருத்துவர் எழுதித் தந்தார். மறுபடியும் அதே பங்குத்தந்தையிடம் போனேன். சுற்றுமடலின் 15ஆம் பத்தியைப் பிரித்துக் காட்டினார். நோயைத் தீர்ப்பதற்குத் தேவையான சிகிச்சையால் கருத்தரிப்பு தடைபடும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தாலும், அந்தத் தடை நேரடியாக நோக்கப்படாதவரை அச்சிகிச்சை முறையற்றதாகாது என்று அதில் இருக்கிறது. அதே மாத்திரை, அதே அட்டை. நோக்கம் மாறியதால் செயலின் அறமும் மாறியது. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோக்கத்தை இவ்வளவு கருத்தாகப் பார்க்கும் ஒரு போதனை, சிசேரியன் தழும்பு ஆறாத மனைவியைக் காப்பாற்ற நினைத்த நோக்கத்தை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் அன்று நான் அவரிடம் கேட்ட கேள்வி. “அதைக் கேட்கும் முதல் ஆள் நீங்கள் இல்லை” என்றார் அவர். நல்ல கத்தோலிக்கராக இருக்க முயல்களைப் போலப் பெற்றுக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்று 2015 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் சொன்னதைச் செய்தியில் பார்த்தபோது, பொறுப்புள்ள பெற்றோராக இருப்பது பற்றிய அவருடைய அக்கறை பிடித்திருந்தது. அனுமதிக்கப்பட்ட முறைகள் மாறவில்லை என்பதும் தெரிந்தே இருந்தது.

சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர்

எங்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை. ஆங்கிலிக்கன் ஆயர்களின் லாம்பெத் மாநாடு 1920இல் கருத்தடையைக் கண்டித்தது. 1930இல் 15ஆம் தீர்மானத்தின் மூலம், பிள்ளைப்பேற்றைக் கட்டுப்படுத்தும் தெளிவான அறக்கடமை இருக்கும் இடத்தில் நிபந்தனைகளோடு ஏற்றது. அதே ஆண்டின் கடைசி நாளில் திருத்தந்தை பதினோராம் பயஸ் தமது சுற்றுமடலில் கருத்தடையைக் கண்டித்தார். அதன் பிறகு எங்கள் சபைகளில் பெரும்பாலும் மௌனம்தான். கருத்தடை பற்றிப் போதகர் ஒருவரும் என்னிடம் எதுவும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. மேலே எழுதியவருக்குத் தடை சுமையாக இருந்தது. எனக்கோ, இரண்டாவது பிள்ளை வேண்டுமா என்று தவித்த காலத்தில் கலந்து பேசுவதற்குக்கூட யாரும் இல்லை.

இரண்டு பெண்களின் தாய்

எங்கள் வீட்டில் யாரும் கருத்தடையை எதிர்க்கவில்லை. எதிர்த்தது, ஆண் பிள்ளை பிறப்பதற்கு முன் அதைச் செய்துகொள்வதை. நீர்க்கடன் கழிக்க மகன் வேண்டும், மகன் இல்லாதவனுக்குப் ‘புத்’ என்னும் நரகம் என்று மாமனார் சொன்னார். அவர் கொடுமைக்காரர் அல்லர். தம் தந்தைக்குத் தவறாமல் திதி கொடுத்தவர், தமக்கு அது நடக்குமா என்று உண்மையாகவே அஞ்சினார். அந்த அச்சத்தை நான் ஏளனம் செய்ய விரும்பவில்லை.

ஆனால் அவர் சாஸ்திரத்தைச் சொல்லியதால் நானும் சாஸ்திரத்தைப் பார்த்தேன். மனைவி கருத்தரிக்க வேண்டாம் என்று ஒருவன் விரும்பினால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு பிருகதாரண்யக உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயம், ‘பிராமணம்’ எனப்படும் நான்காம் பகுதியில் மந்திரத்தோடு ஒரு முறை சொல்லப்பட்டிருக்கிறது. அந்த முறை பலிக்குமா என்பது இங்கே பொருட்டல்ல. கருவைத் தவிர்க்க விரும்புவதையே பாவமாக அந்த உபநிடதம் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதே பகுதியில், இணங்காத மனைவியை அடித்துப் பணிய வைக்கலாம் என்ற பொருளில் அமைந்த வரியும் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நமக்கு வேண்டிய வரியை மட்டும் பிடுங்கிக்கொள்வதில் மாமனாருக்கும் எனக்கும் வேறுபாடு இருக்க வேண்டும் அல்லவா? ஆகவே, அந்த மேற்கோளை அவர் முன் ஆயுதமாக வைக்கவில்லை. “மாமா, உங்களுக்குத் திதி கொடுக்க என் பெண்கள் தயாராக இருப்பார்கள்” என்று மட்டும் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை.

அடுத்த சிக்கல், அறுவை சிகிச்சை யாருக்கு என்பது. ஆணுக்குச் செய்யும் வாசெக்டமி எளிது. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, மரத்துப்போகும் ஊசியோடு முடிந்துவிடும். என் கணவர் ஒப்புக்கொண்டார். ‘ஆம்பளைக்கு வலு போய்விடும்’ என்று அத்தனை பேரும் அவரைத் தடுத்தார்கள். எந்த மதமும் சொல்லாத ஒன்று எல்லா மதத்தவர் வீட்டிலும் சட்டமாக இருப்பதை அன்றுதான் கண்டேன்.

1935 டிசம்பரில் அமெரிக்கக் கருத்தடை இயக்க முன்னோடி மார்கரெட் சாங்கர் வார்தாவில் காந்தியைச் சந்தித்தபோது, செயற்கை முறைகளை ஏற்காமல் புலனடக்கத்தையே வழியாகக் காந்தி முன்வைத்தார். ஏறத்தாழ அதே காலத்தில் பெரியார், தாயின் உடல்நலம், குடும்ப வறுமை என்று காரணம் சொன்னவர்களிடமிருந்து விலகி நின்று, பெண்ணின் விடுதலைக்காகவே கருத்தடை வேண்டும் என்று எழுதினார். நான் கோயிலுக்குப் போகிறவள். பெரியாரின் மற்றக் கருத்துகளில் பலவற்றோடு எனக்கு உடன்பாடில்லை. இந்த ஒன்றில், அடக்கத்தைப் போதித்த காந்தியைவிட அவரே என் படுக்கையறையை அறிந்திருந்தார். அடக்கமாக இருக்க மனைவி மட்டும் முடிவெடுத்தால் போதுமா?

ஓய்வு பெற்ற ஆசிரியர்

இதுவரை எழுதியவர்களில் பலர் தடையைப் பற்றி எழுதினார்கள். நான் கட்டாயப்படுத்தப்பட்டவரின் மகன். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 நிதியாண்டில் மட்டும் இந்தியாவில் 80 லட்சத்துக்கும் அதிகமான கருத்தடை அறுவை சிகிச்சைகள் நடந்தன. அவற்றில் பெரும்பகுதி ஆண்களுக்கு. எங்கள் தந்தை அவர்களில் ஒருவர். சான்றிதழைக் காட்டினால்தான் வேலை நிலைக்கும் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். மதத்தைக் காட்டி மறுக்க அவருக்குத் தோன்றவில்லை. மறுத்திருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதன் பிறகு அவர் அரசு மருத்துவமனைப் படியையே மிதிக்கவில்லை, காய்ச்சலுக்குக்கூட.

1968 ஏப்ரல், மே மாதங்களில் டெஹ்ரானில் கூடிய ஐ.நா. மனித உரிமை மாநாடு, பிள்ளைகளின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் சுதந்திரமாகவும் பொறுப்போடும் தீர்மானிப்பது பெற்றோரின் அடிப்படை உரிமை என்று அறிவித்தது. மேலே ஒருவர் குறிப்பிட்ட ‘ஹூமானே வீத்தே’ சுற்றுமடல் அதற்கு இரண்டு மாதங்களுக்குப் பிந்தியது. அரசுகள் கருத்தடையை மக்கள்மீது திணிக்கக்கூடும் என்ற எச்சரிக்கை அதிலும் இருக்கிறது. கருத்தடையை ஏற்கும் எனக்கு, அதை மறுக்கும் ஆவணத்தின் அந்தப் பகுதி மட்டும் முன்னறிந்து எழுதியதாகத் தோன்றுகிறது. சீனாவின் ஒரு குழந்தைக் கொள்கை 1980 வாக்கில் நடைமுறைக்கு வந்து 2015இல்தான் கைவிடப்பட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மருந்தாளுநர்

நான் மறுக்கும் இடத்தில் நிற்பவன், ஆகவே தயக்கத்தோடு எழுதுகிறேன். கருத்தரித்த கணத்திலிருந்தே உயிர் முழுமையானது என்பது என் நம்பிக்கை. உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் உட்கொள்ளும் அவசரக் கருத்தடை மாத்திரையைக் கேட்டு வருபவர்களிடம் என்ன செய்வது என்று நெடுநாள் குழம்பினேன். அந்த மாத்திரையில் உள்ள லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற மருந்து முதன்மையாகக் கருமுட்டை வெளிப்படுவதைத் தள்ளிப்போடுகிறது, பதிந்துவிட்ட கருவை அது கலைப்பதில்லை என்பதை மருத்துவர்கள் விளக்கிய பிறகு என் மறுப்பில் பாதி நீங்கியது. மீதியை நான் இன்னும் வைத்திருக்கிறேன். உயிர் தொடங்கும் இடம் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை என்பதும் தெரியும்: கருவில் உயிர் ஊதப்படுவது 120ஆம் நாள் என்று இஸ்லாமிய அறிஞர்கள் பலரும், 40ஆம் நாள் என்று சிலரும் சொல்கிறார்கள், புத்தரின் உரைகளைத் தொகுத்த மஜ்ஜிம நிகாயமோ, தாய் தந்தையர் கூடுதல், தாயின் உரிய பருவம், பிறக்கவிருக்கும் உயிரான ‘கந்தப்ப’ அங்கு இருத்தல் என்ற மூன்றும் சேரும்போது கரு உண்டாவதாகச் சொல்கிறது.

ஒருமுறை, திருமணமாகாத ஒரு பெண் அந்த மாத்திரையைக் கேட்டபோது என் உதவியாளர் உரத்த குரலில் வயதையும் ‘யாரோடு வந்தாய்’ என்பதையும் விசாரித்தார். அவள் போய்விட்டாள். என் நம்பிக்கை யாருடைய நேரத்தையும் மானத்தையும் விழுங்கக் கூடாது என்று அன்று எங்கள் கடையில் ஒரு நடைமுறை வகுத்தோம். எனக்கு மனம் ஒப்பாதபோது நான் பேசாமல் நகர்ந்துவிடுவேன். உடன் பணியாற்றும் மற்றவர் கேள்வி கேட்காமல் எடுத்துத் தருவார். இருவரில் ஒருவராவது எப்போதும் கடையில் இருப்பார். நான் மட்டும் தனியாக இருக்கும் நேரம் வந்தால் நானே தருகிறேன். இது முரண்பாடுதான் என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள்.

தொடங்கியவர்

எந்த மதமும் மறுக்காத முறை ஏதேனும் உண்டா என்று கைக்குழந்தையுள்ள தாய் ஒருவர் தனியாகக் கேட்டிருக்கிறார். ஆலோசகர் விடை சொல்வாரா?

குடும்ப நல ஆலோசகர், முன்னாள் செவிலியர்

தாய்ப்பாலைச் சார்ந்த முறைக்கு எந்தத் தரப்பும் மறுப்புச் சொல்லி நான் கேட்டதில்லை. முழுமையாக ஈராண்டு பாலூட்டுவதைக் குர்ஆனின் 2:233 பேசுகிறது. கத்தோலிக்க வகுப்புகளிலும் இதைக் கற்பிக்கிறார்கள். ஆனால் பாலூட்டினாலே கரு தங்காது என்று நினைத்துவிட வேண்டாம். குழந்தைக்கு ஆறு மாதம் நிறைவடையாமல் இருக்க வேண்டும். மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. இரவிலும் பகலிலும் நீண்ட இடைவெளி விடாமல் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். மூன்றும் சேர்ந்திருந்தால் 98 விழுக்காட்டுக்கு மேல் பாதுகாப்பு உண்டு. ஒன்று தவறினாலும் அன்றிலிருந்து வேறு முறை வேண்டும். ஆகவே, அடுத்து எந்த முறை, அதை யாரிடம் கேட்க வேண்டும் என்பதைக் கணவனும் மனைவியும் நான்காம், ஐந்தாம் மாதத்திலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஆறு மாதம் கடந்த பிறகு, மாதவிலக்கு இன்னும் வரவில்லையே என்று காத்திருந்து, கருவுற்ற பின் என் அறைக்கு வந்தவர்கள் பலர். முதல் மாதவிலக்குக்கு முன்பே கருமுட்டை வெளிப்படக்கூடும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.